படிவம் 4-ல் உண்மைக் காரணத்தை எழுதுங்கள்

பிரசவ அறைகளிலும் பச்சிளம் குழந்தைகள் பிரிவுகளிலும் பணியாற்றும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒரு திறந்த மடல்



உங்களிடம் ஒரு கணக்குக் கேட்கவே இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 8, 9 லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. ஏறத்தாழ 3,000 பிறப்புக்கு ஒரு குழந்தை உதரவிதானத்தில் ஓட்டையோடு பிறக்கிறது என்று உலகெங்கும் எண்ணிப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் நம் மாநிலத்தில் மட்டும் ஆண்டுக்கு 300-ஐ ஒட்டிய எண்ணிக்கையில் இந்தக் குழந்தைகள் இருக்க வேண்டும். குழந்தைகள் அறுவைப் பிரிவில் காலமெல்லாம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அத்தனை பேர் எங்கள் மேசைக்கு வருவதில்லை. மீதிப் பேர் எங்கே? சிலர் கருவிலேயே போயிருப்பார்கள். சிலரை ஸ்கேனுக்குப் பிறகு பெற்றோர் வேண்டாமென்று முடிவு செய்திருப்பார்கள். மற்றவர்களில் பலர் பிறந்த சில நிமிடங்களில், சில மணி நேரத்தில், உங்கள் கையிலேயே இறந்துபோகிறார்கள்.

அவர்கள் எல்லாரையும் காப்பாற்றியிருக்க முடியும் என்று நான் சொல்ல வரவில்லை. முடியாத குழந்தைகளும் உண்டு; உங்களைப் போலவே எனக்கும் அது தெரியும். என் மனக்குறை வேறு. அவர்கள் எதனால் இறந்தார்கள் என்று எங்கும் எழுதப்படுவதில்லை. 'பிறப்பு மூச்சடைப்பு', 'மூச்சுத்திணறல்', 'எடைக்குறைவு' என்று ஏதோ ஒன்றை எழுதிக் கோப்பை மூடிவிடுகிறீர்கள். அந்த ஒரு வரியால் அந்தக் குழந்தைக்கு மட்டுமல்ல, அடுத்து வரப்போகிற குழந்தைக்கும் கதவு அடைபடுகிறது.

இது நம் ஊரில் மட்டும் நடக்கிற காரியமில்லை. 1978-ல் மைக்கேல் ஹாரிசன் என்ற அறுவை மருத்துவர் நார்வே நாட்டு மருத்துவர்களோடு சேர்ந்து இதைத்தான் தோண்டிப் பார்த்தார். அறுவை மையத்துக்கு வந்து சேர்ந்த குழந்தைகளை மட்டும் எண்ணினால் பிழைத்தவர் கணக்கு அழகாகத் தெரியும். வழியிலேயே இறந்தவர்களையும், வயிற்றிலேயே இறந்தவர்களையும், பிரேதப் பரிசோதனையில் மட்டும் கண்டுபிடிக்கப்பட்டவர்களையும் சேர்த்தால் அந்த அழகு போய்விடும். மறைந்து கிடக்கும் மரணம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. அங்கே அந்த மறைவு பெருமளவு விலகிவிட்டது. இங்கே இன்னும் அப்படியே இருக்கிறது. இரண்டாம் நாள், மூன்றாம் நாள்வரை தாக்குப்பிடித்து வந்து சேரும் குழந்தைக்கு ஓரளவு நல்ல நுரையீரல் இருக்கிறது என்று பொருள். அவர்களை வைத்துக்கொண்டு 'எங்கள் மருத்துவமனையில் இத்தனை சதவீதம் பிழைக்கிறார்கள்' என்று நாங்கள் மாநாட்டில் பேசுகிறோம். அந்தப் புள்ளிவிவரத்தின் மறுபாதி உங்கள் பதிவேட்டில் வேறு பெயரில் கிடக்கிறது.

குழந்தை எதனால் சாகிறது என்பதை நீங்கள் சரியாகப் புரிந்துகொண்டால்தான் சரியாக எழுத முடியும். இந்த நோயில் ஓட்டை கொல்வதில்லை. கரு எட்டுப் பத்து வாரமாக இருக்கும்போது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் முழுதாக மூடிக்கொள்ள வேண்டும். பின்பக்க ஓரத்தில் அது மூடாமல் நின்றுவிட்டால் குடலும் இரைப்பையும் மண்ணீரலும், சில குழந்தைகளுக்குக் கல்லீரலும் நெஞ்சுக்குள் ஏறிவிடுகின்றன. நூற்றுக்கு எண்பதுக்கு மேல் இது இடப்பக்கம்தான். நுரையீரல் கிளை விட்டு வளர்கிற பருவமும் அதுதான். மூச்சுக்குழாய்க் கிளைகள் 16 வாரத்துக்குள் பிரிந்து முடிந்துவிடும். அந்தச் சமயத்தில் இடமில்லாமல் நெருக்கப்பட்ட நுரையீரலுக்குப் பிறகு எத்தனை மாதம் கொடுத்தாலும் விட்டுப்போன கிளைகள் வருவதில்லை. கிளை குறைந்தால் காற்றறை குறையும். காற்றறையோடு சேர்ந்து வளர வேண்டிய ரத்தக்குழாயும் குறையும். இருக்கிற குழாய்களின் சுவரும் தடித்துப்போய், கொஞ்சம் குளிர்ந்தால், கொஞ்சம் வலித்தால், ஆக்சிஜன் சற்றுக் குறைந்தால் உடனே இறுகிக்கொள்ளும். ஓட்டையுள்ள பக்கம் மட்டும்தான் கெட்டிருக்கும், மறுபக்கம் முழுசாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். எதிர்ப்பக்க நுரையீரலும் சிறுத்தே இருக்கும்.

ஆகவே பிறந்ததும் குழந்தை இரண்டோடு ஒரே நேரத்தில் மல்லுக்கட்டுகிறது. நுரையீரல் போதவில்லை. இருக்கிற நுரையீரலுக்குள்ளும் ரத்தம் நுழைய முடியவில்லை. வலப்பக்க இதயம் அந்த இறுக்கத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளிச் சோர்ந்துபோகிறது. ஆக்சிஜன் ஏறாத ரத்தம் கருவில் இருந்த பழைய வழியாகவே உடம்புக்குப் போகிறது. இடப்பக்க இதயமும் நெருக்கத்தில் சிறுத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். முதல் வாரத்தில் இறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அடிப்படைக் காரணம் இந்த இரண்டும்தான்: வளராத நுரையீரல், நுரையீரல் ரத்தக்குழாய்களின் உயர் அழுத்தம். இதயக் கோளாறும் குரோமோசோம் கோளாறும் சேர்ந்து வரும் குழந்தைகளும் உண்டு. பதினெட்டாவது குரோமோசோம் மூன்றாக இருக்கும் குழந்தையைப் பெரும்பாலும் என்ன செய்தும் நிறுத்திவைக்க முடியாது. ஆனால் அதையும் தெரிந்து சொல்ல வேண்டும், தெரியாமல் கைவிரிக்கக் கூடாது.

இனி உங்கள் கையில் இருக்கும் முதல் பத்து நிமிடத்துக்கு வருகிறேன். இந்த மடலில் நான் மிகவும் மன்றாடிக் கேட்பது இந்த இடத்தில்தான்.

குழந்தை பிறக்கிறது. அழுகை சரியில்லை. நீலம் பாய்கிறது. வார்மரில் போட்டுத் துடைத்து, மூக்கும் வாயும் உறிஞ்சி, மாஸ்க்கை வைத்து ஆம்புவை அழுத்துகிறீர்கள். மற்ற எந்தக் குழந்தைக்கும் அதுவே சரி. அப்படி அழுத்தியே நீங்கள் ஆயிரமாயிரம் குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கிறீர்கள். இந்தக் குழந்தைக்கு மட்டும் அது வினை: அந்தக் காற்று உணவுக்குழாய் வழியாக இரைப்பைக்கும் போகிறது. இரைப்பையோ நெஞ்சுக்குள் இருக்கிறது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் இரைப்பையும் குடலும் உப்ப, நுரையீரல் சுருங்க, இதயம் இன்னும் வலப்பக்கம் தள்ளப்படுகிறது. குழந்தை முன்பைவிட நீலமாகிறது. பதற்றத்தில் இன்னும் வேகமாக, இன்னும் பலமாக அழுத்துகிறீர்கள். ஓரளவு நன்றாக இருந்த எதிர்ப்பக்க நுரையீரல் வெடித்துக் காற்று கசிகிறது. அதன் பிறகு எங்களிடம் வந்தால் நாங்கள் செய்வதற்கு அதிகம் இருப்பதில்லை.

ஆம்பு அழுத்த அழுத்த நீலம் கூடுகிறதா? அங்கேயே நில்லுங்கள். வயிற்றைப் பாருங்கள். பிறந்த குழந்தையின் வயிறு சற்று உப்பலாக இருக்க வேண்டும். இந்தக் குழந்தைக்கு வயிறு ஒட்டிக் குழிந்திருக்கும், நெஞ்சு மட்டும் பீப்பாய் மாதிரித் தூக்கியிருக்கும். ஸ்டெத்தை வையுங்கள். இதயத்துடிப்பு வலப்பக்கம் கேட்கும். இடப்பக்கம் மூச்சுச் சத்தமே இருக்காது. இவ்வளவு போதும், எக்ஸ்ரே வரும்வரை காத்திருக்க வேண்டாம். மாஸ்க்கை எடுத்துவிட்டு மூச்சுக்குழாய்க்குள் ட்யூப் போடுங்கள். வாய் வழியாக ஃபீடிங் ட்யூபை இரைப்பைக்குள் விட்டுக் காற்றை உறிஞ்சுங்கள். உறிஞ்சிவிட்டு எடுத்துவிடாமல் திறந்தே வையுங்கள். ட்யூப் போடத் தெரிந்தவர் அந்த நேரத்தில் இல்லையென்றால், அந்த ஃபீடிங் ட்யூபையாவது முதலில் விடுங்கள். வேறு வழியில்லாமல் ஆம்பு அழுத்த வேண்டிவந்தால் மெல்ல அழுத்துங்கள்.

ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் கருவியை வலக் கையில் மாட்டுங்கள். காலில் மாட்டினால் கிடைக்கும் எண் உங்களைத் தேவையில்லாமல் பயமுறுத்தும். 100 வரவேண்டும் என்று துரத்தாதீர்கள். முதல் ஓரிரு மணி நேரத்தில் 70-க்கு மேல் இருந்து மெல்ல ஏறிக்கொண்டிருந்தாலே பொறுக்கலாம். பிறகு 80-க்கும் 95-க்கும் இடையில் இருந்தால் போதும் என்று ஐரோப்பிய மையங்கள் கூடி வகுத்த நெறிமுறை சொல்கிறது. எண்ணைத் துரத்தி அழுத்தத்தைக் கூட்டுவதால் வரும் சாவு, எண் குறைவதால் வரும் சாவைவிட அதிகம் என்பதே என் அனுபவமும். இதற்கெல்லாம் எக்மோ இயந்திரம் வேண்டாம், நைட்ரிக் ஆக்சைடு வாயு வேண்டாம். தாலுகா மருத்துவமனையில் இருக்கும் பொருள்களே போதும்.

ஒரு குழந்தையைப் பற்றி மட்டும் சொல்ல அனுமதியுங்கள். ஒரு தனியார் நர்சிங்ஹோமிலிருந்து 108 வண்டியில் நள்ளிரவுக்கு மேல் வந்தது. கூட வந்த சீட்டில் 'பர்த் அஸ்பிக்சியா, ரெஃபர்டு' என்று மட்டும் இருந்தது. பிறந்த நேரம் இல்லை, என்ன செய்தார்கள் என்பது இல்லை, பேசிக் கேட்க ஒரு எண்கூட இல்லை. உடம்பு குளிர்ந்திருந்தது. எக்ஸ்ரே எடுத்தோம். வயிற்றுக்குள் விட்ட ட்யூப் இடப்பக்க நெஞ்சுக்குள் சுருண்டு கிடந்தது. அதைச் சுற்றிக் குடலின் கருப்புக் குமிழ்கள். வலப்பக்க நுரையீரல் வெடித்து மடிந்திருந்தது. விடிவதற்குள் குழந்தை இறந்துபோனது. அப்பா கையில் ஒரு மஞ்சப்பை. அதில் எல்லா ஸ்கேன் தாள்களும் ஒழுங்காக அடுக்கி இருந்தன. ஐந்தாம் மாத ஸ்கேன் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி: இதயம் சற்று வலப்பக்கம் விலகியுள்ளது, மீண்டும் பார்க்கவும். அந்த வரிக்குக் கீழே யாருடைய கையெழுத்தும் இல்லை. யாரும் மீண்டும் பார்க்கவில்லை.

அம்மா சிசேரியன் தையலோடு அந்த நர்சிங்ஹோமிலேயே படுத்திருந்தார். பாட்டி வராந்தாவில் உட்கார்ந்து, "கிரகணத்தன்னைக்கு வெளிய வராதேன்னு தலைப்பாடா அடிச்சிக்கிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அப்பா என்னிடம் வந்து கேட்டது இதுதான்: "ஊர்ல என்ன காரணம்னு கேப்பாங்க சார். என்னன்னு சொல்ல?" ஒரு வெள்ளைத்தாளை எடுத்துத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். குழந்தைக்கு என்ன குறை, அது எந்த மாதத்தில் ஏற்படும், அம்மா சாப்பிட்டதாலோ தூக்கியதாலோ நடந்ததாலோ கிரகணத்தாலோ வந்ததல்ல, அடுத்த குழந்தைக்கு இது திரும்ப வரும் வாய்ப்பு வேறு கோளாறு இல்லாதபட்சத்தில் நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே, அடுத்த முறை ஐந்தாம் மாத ஸ்கேனை எங்கே எடுக்க வேண்டும் என்பதெல்லாம். அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அந்த எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்பே குழந்தை இறந்திருந்தால் சீட்டில் இருந்த 'பர்த் அஸ்பிக்சியா'தான் கோப்பிலும் ஏறியிருக்கும். அந்தத் தாய் ஆயுசுக்கும் கிரகணத்தைச் சுமந்திருப்பார்.

உங்களில் ஸ்கேன் பார்ப்பவர்களும் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்றைத்தான் கேட்கிறேன். இதயத்தின் நான்கு அறைகளைப் பார்க்கும் அதே படத்தில், இதயத்துக்குப் பக்கத்தில் கருப்பாக ஒரு குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். இரைப்பை இருக்க வேண்டிய இடம் வயிறு. அங்கே அது தெரியவில்லை, இதயம் வலப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்றால் 'மீண்டும் பார்க்கவும்' என்று எழுதி விட்டுவிடாமல் யார், எப்போது, எங்கே பார்க்க வேண்டும் என்று எழுதி, அந்தத் தாயிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். இன்னொன்று. நோயைக் கண்டுபிடித்த அன்றே 'வேண்டாம், கலைத்துவிடுங்கள்' என்று சொல்லி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். முடிவெடுக்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. 2021 சட்டத் திருத்தம் அதற்கான கால எல்லையை விரித்தும் இருக்கிறது. ஆனால் நுரையீரல் எவ்வளவு இருக்கிறது, கல்லீரல் மேலே ஏறியிருக்கிறதா, வேறு கோளாறு உண்டா என்று அளந்து சொல்லாமல் முடிவெடுக்கச் சொல்வது முறையல்ல. அளவெடுக்கும் வழி 1996 முதலே இருக்கிறது. வேறு கோளாறு இல்லாமல் நுரையீரல் ஓரளவு வளர்ந்திருக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் நல்ல மையத்தில் பிறந்தால் பிழைக்கிறார்கள். முன்கூட்டித் தெரிந்த குழந்தையைப் பிறந்த பிறகு வண்டியில் ஏற்றாதீர்கள். அம்மாவின் வயிற்றிலேயே வைத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

பெரிய மருத்துவமனைக்கு வந்த பிறகும் சாவு விடுவதில்லை. பிறந்த சில மணி நேரம் நன்றாக இருந்து, வீட்டார் நம்பிக்கை கொண்ட பிறகு திடீரென்று நுரையீரல் அழுத்தம் ஏறிச் சரிந்துபோகும் குழந்தைகள் உண்டு. வென்டிலேட்டரில் நாள் கூடக் கூடக் கிருமித்தொற்று வரும். எக்மோ வசதி உள்ள நாடுகளில் அதன் ரத்த உறைவெதிர்ப்பு மருந்தால் மூளையில் ரத்தம் கசிந்து இறப்பதும் ஒரு காரணம். எங்கள் துறையும் நெடுங்காலம் தவறான பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. 1946-ல் பாஸ்டனில் ராபர்ட் கிராஸ், பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குழந்தைக்கு ஓட்டையை அடைத்துக் காப்பாற்றினார். அதன் பிறகு நாற்பது ஆண்டுக் காலம் 'சீக்கிரம் திற, சீக்கிரம் தை' என்பதே வேதமாக இருந்தது. 1987-ல் டொராண்டோ மருத்துவர்கள் அளந்து பார்த்தபோது, தைத்த பிறகு பல குழந்தைகளின் மூச்சு இன்னும் கடினமாகியிருப்பது தெரிந்தது. அதன் பிறகே, முதலில் குழந்தையை நிலைப்படுத்து, தையல் காத்திருக்கும் என்ற முறை வந்தது. நியூயார்க்கில் ஜென்-டியன் வுங் வென்டிலேட்டரின் அழுத்தத்தைத் தாழ்த்திக் காட்டினார். கருவிலேயே மூச்சுக்குழாயில் பலூன் வைக்கும் சிகிச்சையின் முடிவுகள் 2021-ல் வந்தன: நோய் மிகக் கடுமையாக இருந்த குழந்தைகளில் பிழைத்தவர் 15 சதவீதத்திலிருந்து 40 ஆனார்கள், நடுத்தரமானவர்களில் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. இதையெல்லாம் அடுக்குவதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு முன்னேற்றமும், இறந்த குழந்தை எதனால் இறந்தது என்று ஒருவர் விடாமல் கேட்டதால் வந்தது. தெரியாமல் போன சாவிலிருந்து எந்தச் சிகிச்சையும் பிறக்கவில்லை.

வீட்டுக்குப் போன குழந்தைகளையும் மறந்துவிடாதீர்கள். சிலருக்கு நுரையீரல் அழுத்தம் மாதக்கணக்கில் தங்கும்; சாதாரணச் சளிக்கே மூச்சு முட்டிவிடும். பால் எதுக்களித்து எடை ஏறாமல் மெலிவார்கள். ஒட்டுப் போட்டு அடைத்த ஓட்டை, குழந்தை வளர வளர மறுபடி பிரியலாம். குடல் முறுக்கிக்கொள்ளலாம். விலாவுக்குக் கீழே தழும்புள்ள குழந்தை பச்சையாக வாந்தி எடுத்து உங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வந்தால், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கொடுத்து அனுப்பாதீர்கள். அன்றே எங்களிடம் அனுப்புங்கள். பிறக்கும்போது தெரியாமல் ஆறு மாதம், ஒரு வயது கழித்து வெளிப்படும் குழந்தைகளும் உண்டு. எக்ஸ்ரேயில் நெஞ்சுக்குள் காற்றைக் கண்டதும் நுரையீரல் வெடித்துவிட்டதென்று நினைத்து ஊசியோ குழாயோ செருக, அது உப்பிய இரைப்பையைத் துளைத்த கதைகள் மருத்துவ ஏடுகளில் உண்டு. செருகுவதற்கு முன் மூக்கு வழியாக ஒரு ட்யூப் விட்டு இன்னொரு படம் எடுத்துப் பாருங்கள்.

இப்போது அந்தப் படிவத்துக்கு வருகிறேன். மருத்துவமனையில் ஒருவர் இறந்தால் மருத்துவர் நிரப்ப வேண்டிய படிவம் 4 உங்கள் எல்லாருக்கும் தெரியும். அதன் முதல் பகுதியில் மேலிருந்து கீழாக மூன்று வரிகள்: உடனடிக் காரணம், அது எதனால் வந்தது, அதுவும் எதனால் வந்தது. இந்தக் குழந்தைக்கு மேல் வரியில் நுரையீரல் உயர் ரத்த அழுத்தம், நடுவரியில் நுரையீரல் வளர்ச்சிக் குறை, அடி வரியில் பிறவி உதரவிதானக் குடலிறக்கம். அந்த அடி வரிதான் பன்னாட்டுப் பட்டியலில் கியூ 79.0 என்று ஏறும், அரசின் கணக்குக்குப் போகும். நீங்கள் 'பர்த் அஸ்பிக்சியா' என்று எழுதினால் அது பி 21 என்று ஏறும். பிரசவம் பார்த்ததில் குறை என்று எடுத்துக்கொள்ளப்படும் எண் அது. மாவட்டக் கூட்டத்தில் உங்களையே எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். எட்டாம் வாரத்தில் நடந்த ஒன்றுக்கு, பிரசவ அறையில் இரவெல்லாம் நின்ற சிஸ்டர் பழி சுமக்க வேண்டியதில்லை. உண்மையை எழுதுவது உங்களுக்கும் காப்பு.

காரணம் இப்படி மாறி எழுதப்படுவதால்தான் அரசு மட்டத்திலும் யாரும் இந்தக் குழந்தைகளைத் தேடுவதில்லை. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டம் பெயர் சொல்லித் தேடும் 9 பிறவிக் குறைகளில் இது இல்லை. உதட்டுப் பிளவு இருக்கிறது, வளைந்த பாதம் இருக்கிறது. அவற்றைத் தேடுவதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் எண்ணிக்கை தெரியாத நோய்க்கு எந்த அதிகாரி வென்டிலேட்டர் படுக்கை ஒதுக்குவார், எந்தக் கோப்பில் நிதி கேட்பார்? "கேஸே வர்றதில்லையே டாக்டர்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள்.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். பிறந்த முதல் நாளில் மூச்சுத்திணறி இறந்த எந்தக் குழந்தையையும் பெற்றோரிடம் ஒப்படைக்கும் முன், உடல் முழுதும் தெரியும் ஒரு எக்ஸ்ரே எடுங்கள். பிரேதப் பரிசோதனைக்கு நம் ஊரில் பெரும்பாலோர் சம்மதிப்பதில்லை. அதில் அவர்களை வற்புறுத்தவும் வேண்டாம். எக்ஸ்ரேக்கு யாரும் மறுப்பதில்லை. எதற்கு என்று சொன்னால், அந்தத் துக்கத்திலும் தலையசைக்கிறார்கள். படத்தில் குடல் நெஞ்சுக்குள் தெரிந்தால் படிவத்தின் அடி வரியில் அதை எழுதுங்கள். இறந்தே பிறந்த குழந்தைக்கும் எக்ஸ்ரே எடுத்து, கண்டதை எழுதிவையுங்கள். வேறு மருத்துவமனைக்கு அனுப்பும் குழந்தையின் சீட்டில் பிறந்த நேரம், செய்த சிகிச்சை, உங்கள் சந்தேகம், உங்கள் கைப்பேசி எண் ஆகிய நான்கையும் எழுதுங்கள். சந்தேகம் தவறாகிப்போனாலும் பரவாயில்லை.

2023 திருத்தத்துக்குப் பிறகு, இறப்புக் காரணச் சான்றின் நகலை நெருங்கிய உறவினருக்கும் கொடுக்க வேண்டும் என்பது சட்டமே. அதோடு தமிழில் நாலு வரி சேர்த்துக் கொடுங்கள். அம்மா வார்டில் இருந்தால் அப்பாவிடமோ மாமனாரிடமோ கொடுத்து முடித்துவிடாமல், அம்மாவின் கட்டிலுக்கே போய் உட்கார்ந்து அவரிடமே சொல்லுங்கள். கிராம சுகாதார செவிலியருக்கும் ஒரு நகல் போகட்டும். வீட்டில் மற்றவர்கள் என்ன பேசுகிறார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும், அடுத்த கர்ப்பத்தை முதலில் பதிவு செய்யப்போவதும் அவர்தான்.

அடுத்த மாவட்டக் குழந்தை இறப்பு ஆய்வுக் கூட்டத்தில் இந்த நோயின் பெயரைச் சொல்லி எத்தனை பேர் என்று படியுங்கள். அதே கூட்டத்தில் கேளுங்கள்: எங்கள் மாவட்டத்தில் ஸ்கேனில் இப்படித் தெரிந்த தாயை எந்த மருத்துவமனைக்கு அனுப்புவது, பிறந்த பிறகு தெரிந்த குழந்தைக்கு எந்த எண்ணை அழைப்பது, அந்த எண்ணை இரவு இரண்டு மணிக்கு எடுப்பது யார்? பதிலை எழுத்தில் வாங்கிப் பிரசவ அறை வார்மருக்கு மேலே, ஆம்புவைக் கையில் எடுக்கும்போது கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
ஒரு குழந்தைகள் அறுவை மருத்துவன்